புள்ளி போன விலாசங்கள்

சரித்திரப் பாடப் புத்தகத்தில் ஆரணிக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருப்பார்கள். 1751-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் ராபர்ட் கிளைவ் அங்கே ரஸா சாகிப்பின் படையை முறியடித்தான் என்ற வரி. புத்தகம் சற்றுப் பெரிதாக இருந்தால், 1782-இல் ஹைதர் அலியும் சர் அயர் கூட்டும் அதே ஊரில் மோதிக்கொண்டதையும் சேர்த்திருப்பார்கள். பீரங்கிகள் போய் வெகு காலம் ஆயிற்று. கமண்டல நாக நதி இருக்கிறது, தறிகள் இருக்கின்றன, பட்டு இருக்கிறது. நான் இங்கே சொல்லப் போவது ஆரணியில் நடந்த மூன்றாவது யுத்தம். இதில் ரத்தம் சிந்தவில்லை. ஆனால் ஒரு குடும்பம் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு நாவலுக்காக நெசவாளர் வீடுகளைப் பார்க்க வேண்டுமென்று புரட்டாசி மாதத்தில் ஆரணிக்குப் போயிருந்தேன். எனக்குத் தங்க இடம் கொடுத்தவர் ஒரு பட்டுக் கடைப் பெரியவர். எழுபது வயது. கடை பெரிய கடை அல்ல; ஆனால் பழைய கடை. காலையில் நான் தறி மேடைகளைச் சுற்றிவிட்டு வந்து காபி டம்ளரைக் கையில் எடுத்தேன். பெரியவர் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நீங்க கம்ப்யூட்டர்லதானே கதை எழுதறீங்க? கொஞ்சம் இப்படி வந்து பாருங்க."

கம்ப்யூட்டரில் கதை எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி எல்லாம் தெரியும் என்பது ஊர் உலகத்தின் நம்பிக்கை. பேனாவில் எழுதினவர்களிடம் யாரும் பேனா ரிப்பேர் செய்யச் சொன்னதில்லை. காலேஜ் படிப்பை இரண்டு வருஷத்தோடு நிறுத்திக்கொண்டவன் நான். இருந்தாலும் போனேன்.

மேஜையில் ஒரு புதிய கம்ப்யூட்டர். அதன் முன்னால் பெரியவரின் தம்பி மகன், இருபத்தைந்து வயதுப் பையன், முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தான். திரையில் கடையின் மின்னஞ்சல் விலாசப் புத்தகம் திறந்திருந்தது. முந்நூறுக்கு மேற்பட்ட வாடிக்கைக்காரர்கள். ஒவ்வொருவரின் மின்னஞ்சல் விலாசமும் ஆங்கில எழுத்தில் அட்சரம் பிசகாமல் இருந்தது. ஆனால் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். குறிப்பு எழுதும் கட்டத்திலும் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள்.

"ஈமெயில் அட்ரஸ் ஒண்ணுகூடப் போகல சார். லெட்டர் போயிடும். பெரியப்பாதான் ரொம்பக் கவலைப்படறாரு" என்றான் பையன்.

பெரியவர் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அட்ரஸ் இருக்குது தம்பி. ஆளுங்கதான் இல்ல."

அந்தப் புத்தகத்தை வைத்திருந்தவர் பெரியவரின் தம்பி, அதாவது இந்தப் பையனின் அப்பா. காலமாகி ஒரு வருஷம் கூட ஆகவில்லை. மனிதர் ஒவ்வொரு வாடிக்கைக்காரர் பெயருக்கும் கீழே தமிழில் இரண்டு வரி குறிப்பு எழுதி வைப்பாராம். "மூத்த மகளுக்குத் தை மாதம் கல்யாணம்." "கண் ஆபரேஷன் ஆயிற்று, பெரிய எழுத்தில் எழுத வேண்டும்." "மாமியார் தவறிவிட்டார். இந்த வருஷம் தீபாவளி இல்லை. புடவை பற்றி எழுதாதே." தீபாவளிக் கடிதம் அனுப்ப வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. துக்க வீட்டுக்குப் புதுப்புடவை விளம்பரம் போய் நின்றால் என்ன ஆகும்? அதைத்தான் பெரியவர் கேட்டார். அதைச் சொல்லும்போது அவர் கண் தம்பியின் படத்தின் மீது இருந்தது. காரியம் வியாபாரம் மட்டும் அல்ல என்று எனக்குப் புரிந்தது.

ஒரு கோளாறைத் தீர்க்கவேண்டுமானால் அதன் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வைத்தியரும் முதலில் அதைத்தானே கேட்கிறார்? ஆகவே நேயர்களைச் சற்று நேரம் பின்னோக்கி அழைத்துப் போகிறேன்.

அந்தக் கடையில் முதல் விலாசப் புத்தகம் சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு பேரேடு. பெரியவரின் தகப்பனார் கையெழுத்து. வி.பி.பி. தபால் நம் நாட்டில் 1877-இலேயே வந்துவிட்டது. பெட்டியைத் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுத்துப் பணத்தை வாங்கி வருவார் என்ற அந்த ஏற்பாட்டால், முகம் தெரியாத ஊர்களுக்கும் சிறு ஊர்க் கடைகள் சரக்கு அனுப்ப முடிந்தது. அனுப்ப வேண்டுமானால் விலாசம் வேண்டும். விலாசம் வைக்கப் பேரேடு வேண்டும்.

தந்திக்கு வேறு கணக்கு. தந்தியில் விலாசத்தில் உள்ள வார்த்தைகளுக்கும் காசு. அதனால் வியாபாரிகள் தந்தி ஆபீசில் கட்டணம் செலுத்தி ஒரே வார்த்தையில் சுருக்க விலாசம் பதிவு செய்துகொள்வார்கள். ஒரு வார்த்தையும் ஊர்ப் பெயரும் எழுதினால் போதும். தந்தி ஆபீசில் இருக்கும் புத்தகம் பாக்கியைச் சொல்லிவிடும். 2013-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் நம் நாட்டுத் தந்தி சேவை முடிந்தது. ஆனால் அந்த யோசனை சாகவில்லை. செல்லப் பெயரைத் தட்டினால் முழு விலாசம் வந்து விழும் இன்றைய மின்னஞ்சல் புத்தகம், தந்தி ஆபீஸ் புத்தகத்தின் பேரப்பிள்ளைதான்.

1972-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி பின்கோடு வந்தது. பல மொழிகளில், பல எழுத்துகளில், ஒரே பெயருள்ள பல ஊர்களுக்குக் கடிதம் போகும் நாட்டில், எந்த மொழியாலும் கெடாத ஆறு எண்கள். ஆரணிக்கு 632301. அந்த ஏற்பாட்டுக்குக் காரணமாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் தபால் இலாகா அதிகாரி மட்டும் அல்ல. சம்ஸ்கிருதக் கவியும் கூட. சொற்களை நம்பி வாழ்ந்த ஒரு கவி, தபால் விஷயத்தில் மட்டும் சொற்களை நம்பாமல் எண்களை நம்பினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உபயோகப்படும்.

இனி மின்னஞ்சல். 1971-இல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற எஞ்சினீயர், பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கம்ப்யூட்டர்களுக்கிடையே வலைப்பின்னல் வழியாக ஒரு செய்தியை அனுப்பிப் பார்த்தார். ஆளின் பெயருக்கும் இயந்திரத்தின் பெயருக்கும் நடுவில் போட ஒரு குறி வேண்டியிருந்தது. கடைக்காரர்கள் "இன்ன விலை வீதம்" என்று கணக்கு எழுதும்போது போடும் சுழித்த ஏ எழுத்தைத் தேர்ந்தெடுத்தார். இன்று உலகம் முழுவதும் விலாசத்தின் நடுவில் நிற்பது அந்தப் பழைய வியாபாரக் குறிதான்.

1988-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் என்பவர், மேஜைக் கம்ப்யூட்டரிலேயே கடிதங்களைப் படிக்கவும் எழுதவும் ஒரு மென்பொருள் செய்தார். அதற்கு 'யூடோரா' என்று பெயர் வைத்தார். கதை எழுதுகிறவர்கள் இங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். யூடோரா வெல்ட்டி அமெரிக்காவின் சிறந்த சிறுகதை ஆசிரியைகளில் ஒருவர். தபாலாபீசிலேயே குடியேறிவிட்ட ஒரு பெண்ணைப் பற்றி 1941-இல் அவர் எழுதிய கதை பிரசித்தம். இரவும் பகலும் கடிதங்களோடு மல்லாடிக்கொண்டிருந்த டார்னருக்குத் தாமும் தபாலாபீசில் குடியிருப்பதாகத் தோன்றியதாம். அதனால் அந்தப் பெயர். யூடோராவில் விலாசங்களைச் செல்லப் பெயர்களாகத்தான் சேர்த்து வைப்பார்கள்.

நம் நாட்டில் பொது மக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது 1995-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி. அதற்குப் பின் சில வருஷங்களில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வந்தது. 2004-இல் தண்டர்பேர்டின் முதல் பதிப்பு வந்தது. ஒவ்வொன்றும் விலாசங்களைத் தன் தன் வழியில் பூட்டி வைத்தது. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, அதற்குப் பக்கத்திலேயே பெயரின் கடைசியில் ஓர் அலைக் கோடு போட்ட நகலையும் வைத்திருக்கும். மூலக் கோப்பு கெட்டால் விஷயம் தெரிந்தவர்கள் நகலின் பெயரை மாற்றி வைத்துத் தப்பித்துக்கொள்வார்கள். தண்டர்பேர்டு 'மோர்க்' என்னும் வினோதமான அமைப்பில் வெகு காலம் வைத்திருந்து, 2020-இல்தான் அதைக் கைவிட்டது. ஒரு பெட்டியின் சாவி இன்னொரு பெட்டியைத் திறக்காது. ஆகையால் வீடு மாறுகிறவர் சாமான்களை மூட்டை கட்டுவதுபோல, விலாசங்களை ஒரு பொதுக் கோப்பில் கட்டி எடுத்துப் போகவேண்டும். பெயர், காற்புள்ளி, விலாசம், காற்புள்ளி, குறிப்பு என்று போகும் காற்புள்ளிக் கோப்பு அது. கோளாறுகளில் பாதி இந்த மூட்டை கட்டுவதில்தான் பிறக்கின்றன.

அப்படியானால் ஆங்கில எழுத்தில் இருந்த விலாசம் ஏன் கெடவில்லை, தமிழ் மட்டும் ஏன் கெட்டது? இதுதான் இந்தச் சரித்திரத்தின் கரு.

ஆரணியில் தறி மேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 1804 வாக்கில் பிரான்ஸ் தேசத்தில் ஜக்கார்டு என்பவர் செய்த முறை. அட்டையில் துளை இருந்தால் நூல் மேலே எழும், இல்லாவிட்டால் எழாது. அன்னமும் மாங்காயும் அட்டையில் படமாக இல்லை. வெறும் துளைகளாக இருக்கின்றன. கம்ப்யூட்டரிலும் எழுத்து என்பது கிடையாது. எண்தான் உண்டு. எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை ஒன்று இருக்கவேண்டும்.

1963-இல் அமெரிக்கர்கள் அப்படி ஓர் அட்டவணை செய்தார்கள். அதில் ஆங்கில எழுத்துக்கு இடம் இருந்தது. வேறு எதற்கும் இல்லை. 1982-இல் மின்னஞ்சல் போக்குவரத்துக்கு விதி எழுதியபோதும் அந்த அட்டவணையை வைத்தே எழுதினார்கள். மற்ற மொழி எழுத்துகளும் கடிதத்தில் ஏறலாம் என்று விதி தளர்ந்தது 1992-இல். அதற்குப் பின்னால் வந்த அட்டவணைகள் பல. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அந்த முதல் அட்டவணையை அப்படியே அடியில் வைத்து, மேலே மாடி கட்டியவை. அதனால்தான் எந்த விபத்திலும் ஆங்கில எழுத்து கீழ்த்தளத்தில் பத்திரமாக இருக்கிறது. மாடியில் குடியேறிய நமக்குத்தான் ஆபத்து.

தமிழ் மாடி ஏறிய கதை நீளமானது. மலேசியாவில் முத்து நெடுமாறன், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் என்று கடல் கடந்த தமிழர்கள் ஆளுக்கொரு பக்கம் உழைத்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு எண் வரிசை வைத்தார்கள். 1999-இல் சென்னையில் மாநாடு கூடி, தமிழ்நாடு அரசாங்கம் டாம், டாப் என்ற இரண்டு அட்டவணைகளை ஏற்றது. உலக எழுத்துகளை எல்லாம் ஒரே வரிசையில் வைக்கும் யூனிகோடு 1991-இலேயே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தது. ஆனால் அது நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் வந்து நிலைக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2010-இல்தான் தமிழ்நாடு அரசாங்கமும் அதைத் தரமாக அறிவித்தது.

யூனிகோடு எண்களைப் பழைய குழாய்களில் அனுப்ப ஒரு தந்திரம் தேவைப்பட்டது. 1992-இல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்ஸியில் ஓர் உணவு விடுதியில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், மேஜைத் தாளின் மேல் அதை எழுதினார்கள். யூடிஎஃப்-8 என்று பெயர். அந்த முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு எண் போதும். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், ஒவ்வொரு கொம்புக்கும், புள்ளிக்கும், மூன்று மூன்று எண்கள்.

இந்த மூன்று எண்களையும் ஒரே எழுத்தாகப் படிக்கத் தெரியாத மென்பொருளின் கையில் கோப்பு சிக்கினால் என்ன ஆகும்? அது ஒவ்வொரு எண்ணையும் தனித்தனி மேற்கத்திய எழுத்தாகப் படிக்கும். 1252 என்று இலக்கமிட்ட ஒரு மேற்கத்திய அட்டவணை உண்டு. அதன்படி, நம் எழுத்துகளில் பெரும்பாலானவை தலையில் கோடு போட்ட ஓர் ஏ எழுத்தும், அதன் பின்னால் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும், அப்புறம் ஏதோ ஒரு கிறுக்கலுமாகத் தெரியும். வட்டத்துக்குள் ஆர் என்றால் 'பதிவு செய்யப்பட்ட வியாபாரக் குறி' என்று அர்த்தம். ஆக, ராமசாமி என்ற பெயர் ஒன்பது வியாபாரக் குறிகளைச் சுமந்துகொண்டு வந்து நிற்கும்!

சரித்திரம் போதும். நம்முடைய பையனிடம் திரும்புவோம்.

ஆரணி என்றதும் பழைய நாவல்கள் படித்தவர்களுக்கு ஆரணி குப்புசாமி முதலியார் நினைவு வரும். தமிழில் துப்பறியும் நாவல்களைப் பரப்பியவர்களில் முன்னோடி. அந்த ஊரில் உட்கார்ந்து துப்பறிய நேர்ந்தது எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது. துப்பறிகிறவன் முதலில் கேட்கும் கேள்வி: ஆள் இறந்தானா, மறைந்தானா?

விலாசப் புத்தகம் காணோம் என்று அலறுகிறவர்களில் பாதிப் பேருக்குப் புத்தகம் இறந்திருக்காது, மறைந்துதான் இருக்கும். மென்பொருள் புதிய கணக்கு ஒன்றைத் திறந்துகொண்டு வெற்றுப் புத்தகத்தைக் காட்டும். பழையது வட்டின் ஒரு மூலையில் சுகமாக இருக்கும். இன்னும் சிலருக்குப் புத்தகமே இருந்திருக்காது. இரண்டு எழுத்தைத் தட்டியதும் மென்பொருள் தானாக நீட்டும் பழைய விலாசங்களைப் புத்தகம் என்று நம்பியிருப்பார்கள். அந்த ஞாபகத்தைப் பல மென்பொருள்கள் வேறு இடத்தில் வைக்கின்றன. கம்ப்யூட்டர் மாறினால் அது கூட வராது. பழைய விலாசத்தையே நீட்டிக்கொண்டிருந்தால் புத்தகத்தைத் திருத்தியும் பிரயோஜனம் இல்லை. அந்த ஞாபகத்திலிருந்தும் அதை நீக்கவேண்டும்.

ஆனால் ஆரணிப் புத்தகம் மறையவில்லை. கண் எதிரே கேள்விக்குறிகளாகக் கிடந்தது. "என்ன செய்தாய், ஒன்று விடாமல் சொல்லு" என்று பையனைக் கேட்டேன்.

அப்பாவின் கம்ப்யூட்டர் தகராறு செய்யத் தொடங்கியதும் அவன் விலாசங்களைக் காற்புள்ளிக் கோப்பாக எடுத்தான். கணக்குப் போடும் மென்பொருளில் அதைத் திறந்தான். எல்லாம் தலைக்கோடு போட்ட ஏயும் வட்டத்துக்குள் ஆருமாக இருந்தது. பயந்துபோய் அப்படியே சேமித்து, "இது என்னடா?" என்று ஒரு சிநேகிதனுக்கு அனுப்பினான். பதில் வருவதற்குள் தானே வழி கண்டுபிடித்துவிட்டான். மறுபடியும் கோப்பு எடுத்து, இந்தத் தடவை யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தான். அப்பாவின் குறிப்புகள் முத்து முத்தாகத் தெரிந்தன. சந்தோஷத்தில் சேமிக்கும்போது சாதாரணக் காற்புள்ளிக் கோப்பாகச் சேமித்தான். மென்பொருள் ஏதோ எச்சரிக்கை கேட்டது. 'சரி' என்று தட்டினான். புதிய கம்ப்யூட்டரில் ஏற்றினான். விலாசங்களைச் சரிபார்த்தான், குறிப்புகளைப் பார்க்கவில்லை. பழைய கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. சாதாரணக் காற்புள்ளிக் கோப்பு 1252 போன்ற ஓர் அட்டவணையில் எழுதப்படுவது. தமிழ் எழுத்துக்கு அதில் எண் கிடையாது. எண் இல்லாத ஒவ்வொரு எழுத்தையும் எடுத்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை நட்டுவிடும். எறிந்தது எறிந்ததுதான். பிரம்மதேவன் வந்தாலும் ஒரு கேள்விக்குறியைப் பார்த்து அது 'அ'வா 'க'வா என்று சொல்ல முடியாது.

முதல் கோப்போ அப்படி அல்ல. பார்க்கப் பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும், எண்கள் அதில் உயிரோடு இருக்கின்றன. அட்டவணை மாறிப் படித்ததால் வந்த கோலம் அது. பெரியவருக்கு இதை எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். அவரே சொல்லிவிட்டார்: "அதாவது, அட்டை நல்லாத்தான் இருக்குது. வேற பெட்டியில மாட்டிட்டான். இன்னொண்ணு, அட்டையே எரிஞ்சு போச்சு."

"அந்தச் சிநேகிதனுக்கு அனுப்பின கடிதம் இருக்கிறதா?" என்றேன்.

அனுப்பிய கடிதங்களில் தேடினான். இருந்தது. குப்பை என்று தள்ளிய கோப்புதான் பிழைத்திருந்தது. ஒழுங்காகத் தெரிந்த கோப்புதான் மாய்ந்து போயிருந்தது. வாழ்க்கையில் வேறு சில விஷயங்களிலும் இப்படி நடப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள்.

முதல் காரியமாக அந்தக் கோப்புக்கு இரண்டு நகல் எடுத்து வைத்தோம். விலாசப் புத்தகக் கோளாறு எதுவானாலும் முதல் விதி இதுதான்: நகல் எடுக்காமல் தொடாதே, புரியாத எச்சரிக்கைக்குச் 'சரி' சொல்லாதே, புதியதில் ஒரு தமிழ்ப் பெயரையாவது திறந்து பார்க்காமல் பழையதை வீட்டை விட்டு அனுப்பாதே. பிறகு, இந்தக் கிறுக்கல்களை 1252 அட்டவணைப்படி எண்ணாக்கு, அந்த எண்களை யூடிஎஃப்-8 முறையில் படி என்று மென்பொருளிடம் சொன்னோம். தமிழ் வந்தது! பையன் கண்ணில் ஜலம் வந்துவிட்டது.

ஆனால் முழுத் தமிழ் வரவில்லை. பாதி எழுத்துகளுக்கு இடையே சாய்சதுரங்கள் முளைத்திருந்தன. 'பட்டு' என்ற வார்த்தை 'ப ட ◆ ட ◆' என்று இருந்தது.

இதற்கும் காரணம் உண்டு. 1252 அட்டவணையில் எழுத்தே இல்லாத காலி இடங்கள் ஐந்து. தமிழ்ப் புள்ளியின் மூன்றாவது எண் அந்தக் காலி இடங்களில் ஒன்றில் விழுகிறது. உகரக் கொம்பின் எண் இன்னொன்றில் விழுகிறது. 'ஏ', 'ஐ' என்ற இரண்டு எழுத்துகளும் அப்படியே. சில மென்பொருள்கள் காலி இடத்தைக் காலியாகவே சுமந்து வரும். சில, இங்கே யாரும் இல்லையே என்று தாண்டிவிடும். நம் கோப்பு கை மாறிய வழியில் ஏதோ ஒன்று அப்படித் தாண்டிவிட்டது. பட்டு நெய்யும் ஊரில் பட்டு என்ற சொல்லே புள்ளியையும் கொம்பையும் இழந்து நின்றது.

பையன் சோர்ந்துவிட்டான். சாய்சதுரம் புள்ளியா, உகரமா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை நெருங்கினார்.

"இதுல என்ன கஷ்டம்? ஓலைச் சுவடியில புள்ளியே வைக்க மாட்டாங்களே. படிக்கலையா?"

உண்மைதான். ஓலை கிழிந்துவிடும் என்று ஏடு எழுதினவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். உ.வே. சாமிநாதையர் போன்ற பெரியோர்கள் புள்ளி இல்லாத ஏடுகளைப் படித்துத்தான் நமக்குச் சங்க நூல்களைக் கொடுத்தார்கள். இயந்திரம் தவறவிட்டதை இலக்கணம் பிடித்துக் கொடுத்தது. தமிழ்ச் சொல் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்யில் முடியாது. ஆகவே சொல்லின் கடைசியில் வல்லினத்துக்குப் பின் சாய்சதுரம் இருந்தால் அது உகரம். சொல்லின் நடுவில் அதே எழுத்து அடுத்தும் வந்தால் முன்னது புள்ளி. புள்ளியும் உகரக் கொம்பும் சொல்லைத் தொடங்கி வைக்க மாட்டா. ஆகவே சாய்சதுரம் சொல்லின் தலையில் நின்றால் அது ஏ அல்லது ஐ. '◆ப்பசி' என்றால் ஐப்பசிதானே?

"அடுத்த சொல்லுக்காகச் சந்தி போட்டிருந்தால்?" என்று கேட்டேன். "தங்கைக்குக் கொடு என்றால் இடையில் ஒரு 'க்' சொல் கடைசியில் நிற்குமே."

"என் தம்பி ஜென்மத்துல சந்தி போட்டது கிடையாது" என்றார் பெரியவர். பள்ளிக்கூடத்தில் அதற்காக வாங்கிய அடி இத்தனை வருஷம் கழித்துப் பலன் கொடுத்தது. பிளாட், ரோடு, சில்க் என்று இங்கிலீஷ் வார்த்தை வந்த இடங்களில்தான் தடுமாறினோம். அங்கெல்லாம் பழைய சிவப்புப் பேரேடு கை கொடுத்தது.

மூன்று பிற்பகல்கள் ஆயின. பெரியவர் படிப்பார், நான் ஒத்துப் பார்ப்பேன், பையன் தட்டுவான். ஒவ்வொரு குறிப்பாகத் தம்பியின் குரல் திரும்பி வந்துகொண்டிருந்தது. துக்க வீடுகள் எவை, கல்யாண வீடுகள் எவை என்று பிரித்துக் கடிதங்கள் போயின. முடிந்ததும், பட்டியலை யூடிஎஃப்-8 கோப்பாக இரண்டு இடத்தில் வைத்தோம். மூன்றாவது நகலைப் பெரியவர் காகிதத்தில் அச்செடுத்துத் துணி அட்டை போட்டுத் தைக்கக் கொடுத்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

2012-ஆம் வருஷத்திலிருந்து மின்னஞ்சல் விலாசமே தமிழ் எழுத்தில் இருக்கலாம் என்று விதி இருக்கிறது. அது நல்ல காரியம். ஆனால் அன்று வேலங்கர் தபாலுக்கு எண்களை நம்பியதும் சரியான காரியமே. எண் கடிதத்தை வாசலில் கொண்டுபோய்ச் சேர்க்கும். வாசலுக்கு உள்ளே யார் இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்பதை அவரவர் மொழியில் யாரோ ஒருவர் எழுதி வைத்திருந்தால்தான் தெரியும்.

கடைசி நாள் ஒரு விலாசம் பாக்கி இருந்தது. ஒரு காலேஜ் விடுதியின் பழைய மின்னஞ்சல் விலாசம். பையனின் சொந்தப் பெயர். அவன் வெளியூரில் படித்த நாளில் அப்பா எழுதி வைத்த குறிப்பு அதன் கீழே இருந்தது. பெரியவர் படிக்க வாயெடுத்தார். பிறகு என்னவோ நினைத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அதை நீயே பார்த்துப் போடு கண்ணு" என்றார்.

பையன் ஒவ்வொரு சாய்சதுரமாக நிரப்பினான். எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

"மாதம் 5-ந் தேதி பணம் அனுப்ப வேண்டும். அவனாகக் கேட்கமாட்டான்."